ஒரு முனையில் மட்டும்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டை மூடியபோது
தடைக்கம்பத்தைத் தாங்கிய சேனலை எடைக்குப் போட்டார்கள்.
கிலோ முப்பத்தொன்று. நான்தான் வாங்கினேன்.
லாரிகளை வரிசையில் நிறுத்திய இரும்பு
இப்போது என் மிஷினுக்குக் குறுக்குச்சட்டம்.
சிவப்பு வெள்ளைப் பெயின்டைச் சுரண்டவில்லை,
அதன்மேல்தான் ஸ்பிண்டில் போகிறது, வருகிறது.

முதல் மாதம் முழுக்க ஒரே வேகம்.
போட்டால் இருபத்துநாலாயிரம் சுற்று, அணைத்தால் பூஜ்யம்.
மரம் ஓரம் கருகியும் பொறுத்துக்கொண்டது.
அக்ரிலிக் பொறுக்கவில்லை.
வறீது கேட்ட போர்டு கோழித்தீவனம்,
மேலே மலையாளம், கீழே தமிழ்.
‘கோ’ ஒழுங்காக வந்தது.
‘ழி’யின் வளைவில் உருகி
பிட்டைச் சுற்றி ஜவ்வுமிட்டாயாய் இறுகிற்று.
“அஜீமே, கோழி வெந்துபோயல்லோ” என்றார் வறீது,
அட்வான்சைத் திருப்பிக் கேட்கிற குரலில்.

ஆகவே விஎஃப்டி.
வீட்டு மின்சாரத்தை வாங்கி
நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் திருப்பித் தருகிற பெட்டி.
நானூறு என்றால் முழு வேகம், இருநூறு என்றால் பாதி.
அதற்குப் புரிவது வோல்ட் பாஷை மட்டும்:
பத்து வோல்ட் கொடுத்தால் பாய்ச்சல்,
ஒன்பதாயிரம் சுற்று வேண்டுமென்றால் மூன்றே முக்கால்.
கம்ப்யூட்டர் எண்ணில் சொல்வதை
நடுவே ஒரு சின்னப் பலகை வோல்ட்டாக்கிச் சொல்லும்.

ஜபருல்லா பல்லடத்துக்கு லோடு போன இரவில்
மூன்று ஒயரும் எர்த்தும் முறுக்கி இறுக்கினேன்.
ஒன்றை மாற்றிப் பூட்டிவிட்டேன், தலைகீழாகச் சுற்றியது.
மெயினை அணைத்து மறுபடி திறக்குமுன்
உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம்;
சிவப்பு விளக்கு சாகிறவரைக்கும் அரிசி கழுவினேன்.

பிறகு சரியான பக்கம் சுற்றியது.
மெல்ல எழுந்து, விசில் பிடித்து,
நான் சிரிப்பதற்குள் எல்லாம் நின்றது.
திரையில்: எல்லை மீறல்.

மிஷின் நட்டநடுவில் நிற்கிறது.
நான்கு பக்கச் சுவிட்சையும் யாரும் தொடவில்லை.
எல்லையில் பிறந்து எல்லைக்கே வாழ்க்கைப்பட்டவளுக்கு
இந்தப் புகார் புதிதா என்ன.
ஏழு தடவை ஓட்டினேன். ஏழு தடவையும் மீறல்.

குற்றம் என் கட்டில் இருந்தது.
அழகாக இருக்கட்டும் என்று
மோட்டார் ஒயரையும் சுவிட்ச் ஒயரையும்
ஒரே டையில் இறுக்கியிருந்தேன்.
அது போடுகிற கூச்சலை இது உண்மை என்று நம்பிவிட்டது.
ஒரு சாண் தள்ளிப் பிரித்தேன். ஐந்துக்கு இரண்டாகக் குறைந்தது.
மிச்ச இரண்டு?

சிக்னல் ஒயரின் வலைப்பின்னலுக்கு
பத்திரத்துக்காக இரண்டு முனையிலும் எர்த் கொடுத்திருந்தேன்.
கல்யாணமான புதிதில் எனக்கு ரேஷன் கார்டு இரண்டு,
கோபாலபுரத்தில் ஒன்று, இங்கே ஒன்று.
இரண்டு ஆபீசும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டதில்
மூன்று மாதம் எந்தக் கடையிலும் அரிசி இல்லை.
இரண்டு பக்கமும் மண்ணைத் தொட்டால்
நடுவே வேண்டாதது ஓடும்.
கட்டரை எடுத்தேன். மிஷின் பக்க முனையை நறுக்கி
கறுப்பு டேப்பைச் சுற்றினேன்.

அதன்பின் மீறல் இல்லை.
பன்னிரண்டாயிரம் கேட்டால் பதினோராயிரத்து நூற்றறுபது வந்தது.
பலகையில் நீலக் கட்டைக்குள் கடுகளவு திருகாணி;
கால் சுற்று, இன்னும் கொஞ்சம்,
பன்னிரண்டாயிரத்து நாற்பது. தாண்டிவிட்டது. மயிரிழை பின்னால்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
இருபது சுற்று யாருக்கும் கேட்காது, விட்டுவிட்டேன்.

ஒன்பதாயிரத்தில் ‘ழி’ துருவிய தேங்காயாய் உதிர்ந்தது.
மலையாளத்திலும் உருகாமல் வளைந்தது.
வறீது விரலால் தடவிப் பார்த்து
நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார்.
வாசலில் சிதறிய வெள்ளைச் சீவலைத்
தீவனமென்று கொத்தித் துப்பியது அவர் சேவல்.

லோடு இறக்கி வந்த ஜபருல்லா
பெட்டிக்குள் எட்டிப் பார்த்து,
“இந்த முனையை எங்கேயும் மாட்டலையே” என்கிறான்.
மாட்டக் கூடாது, சாப்பிடு என்கிறேன்.